பொட்டு வைத்த காந்தம்

டேய்,

காலையில் டீக்கடை வாசலில் நின்று வண்டிச் சாவியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். சாவியோடு உன் காந்தமும் ஒட்டிக்கொண்டு வந்தது. வட்டமாக, கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு. உங்கள் வீட்டு ஆட்டோவின் கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து நீ கழற்றி எடுத்தது. விளிம்பில் இன்னும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. குங்குமம் கறுத்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் பிளீச்சிங் பவுடர் வாடை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, சாமி சாமானா?" என்றார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உன்னை நினைத்து உருகுவதற்காக இதை எழுதவில்லை. உருகுவதற்கு ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. ஓனர்மேல், நம்மோடு வேலை செய்கிறவர்கள்மேல், உன்மேலும்தான். செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது உன்மேல் கோபப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

நம் சலவைக்கூடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஊரில் பாதி லாட்ஜின் அழுக்கு. பௌர்ணமி முடிந்த மறுநாள் வரும் மூட்டைகளைப் பிரித்தால் எல்லாப் படுக்கை விரிப்பிலும் கால்மாட்டில் மண் படிந்திருக்கும். வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்து அப்படியே படுத்தவர்களின் மண். தலைமாட்டில் விபூதி. ஆசிரமப் பக்கத்து விடுதிகளிலிருந்து வரும் விரிப்பில் வெள்ளைக்காரர்கள் தேய்த்துக்கொண்ட எண்ணெய். "ஊரே புண்ணியம் சேத்துட்டுப் போவுது, அழுக்க மட்டும் நம்மகிட்ட உட்டுட்டு" என்று நீ சொல்வாய். இஸ்திரிப் பகுதியில் இருக்கும் செல்வி அக்கா, "வாய் ஜாஸ்தி பாய் உனக்கு" என்று திட்டிக்கொண்டே சிரிப்பார்.

உன் இடம் பிழிகிற இயந்திரம். ஹைட்ரோ என்போம். துவைத்த துணியை உள்ளே போட்டு மூடினால், டிரம் பேய் வேகத்தில் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளும். மூடி திறந்திருந்தால் அது ஓடாது. ஓடும்போது யாராவது திறந்தால் உடனே பிரேக் பிடிக்கும். மூடி திறந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்வது விளிம்பில் இருந்த ஒரு சின்ன சென்சார். கட்டைவிரல் அளவுகூட இருக்காது. மூடியில் பதித்திருக்கும் சின்னக் காந்தம் நெருங்கினால், மூடியிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும்.

அந்த சென்சார் ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் கெட்டது. மூடி மூடியே இருக்கும்; இயந்திரமோ திறந்துவிட்டதாக நினைத்துப் பாதியில் நின்றுவிடும். ஈரத் துணி மலையாகக் குவிந்துவிட்டது. லாட்ஜ்காரர்கள் மாறி மாறிப் போன் செய்தார்கள். ஓனர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நீ வெளியே போனாய். திரும்பி வந்தபோது கையில் இந்தக் காந்தம் இருந்தது. சென்சார்மேல் வைத்தாய். மூடியின் காந்தத்தை உணராத சென்சார் இந்தப் பெரிய காந்தத்தை உணர்ந்தது; ஹைட்ரோ சீறிக்கொண்டு ஓடியது. மூடி மூடியிருந்தாலும் ஓடியது, திறந்திருந்தாலும் ஓடியது.

"எங்க ஆட்டோல உடைஞ்ச ஸ்பீக்கரு சார். மெஷின ஏமாத்திட்டேன்!" என்று நீ சொன்னதும் ஓனர் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இனிமே இவன் பாய் இல்லடா, இன்ஜினியர்!" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி வந்தது. நானும்தான் சாப்பிட்டேன்.

அன்று ஒரு நாள் அவசரத்துக்கு என்றுதான் வைத்தாய். நீயே சொன்னாய்: "பௌர்ணமி முடிஞ்சதும் மெக்கானிக்க வரச் சொல்லுங்க சார்." "சொல்லிடலாம், சொல்லிடலாம்" என்றார். அடுத்த பௌர்ணமி வந்தது. சொல்லவில்லை. ஓடுகிற இயந்திரத்துக்கு எதற்கு மெக்கானிக்?

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு நீ தூரத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தாய். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். முருகேசண்ணன்தான் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். இஸ்திரிப் பெட்டிக்கு, உலர்த்தும் இயந்திரத்துக்கு, தள்ளுவண்டிக்கு, தராசுக்கு. ஹைட்ரோவுக்கு வந்தவர் மூடிக்கு வைத்தார், சுவிட்சுக்கு வைத்தார். விளிம்பில் கறுப்பாக உட்கார்ந்திருந்த காந்தத்துக்கும் சந்தனம் தீற்றி நடுவில் குங்குமம் வைத்தார். நீ என் தோளில் இடித்து, "டேய், என் ஸ்பீக்கருக்கும் பொட்டு வச்சிட்டார்டா, இனிமே அதுவும் சாமி" என்றாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது யோசித்தால் அந்த நிமிடம்தான் எல்லாம் முடிந்தது என்று தோன்றுகிறது. அதுவரை அது ஒரு தில்லுமுல்லு. எல்லோருக்கும் அது தெரியும். என்றாவது எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். பொட்டு வைத்த பிறகு அது இயந்திரத்தின் உறுப்பாகிவிட்டது. துடைக்கிறவர்கள் அதைச் சுற்றித் துடைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் காட்டினார்கள். சாமி கும்பிட்ட பொருளைக் கழற்றலாமா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கழற்ற வேண்டிய பொருள் என்பதே மறந்துபோனது.

நீ இன்னும் ஒரு படி மேலே போனாய். மூடி திறந்தாலும் ஓடும் என்றானபின், டிரம் முழுதாக நிற்கும்வரை யார் காத்திருப்பது? மோட்டாரை அணைத்துவிட்டு, அது ஓய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கித் துணியை இழுக்க ஆரம்பித்தாய். நான் ஒருநாள், "நிக்கட்டும்டா" என்றேன். "நின்ன மாதிரிதான்டா" என்றாய். அதுதான் உன் வாய்ப்பாடு. நின்ன மாதிரிதான். ஓனர் புதிதாக வந்தவர்களிடம் உன்னைக் காட்டுவார்: "அவன் வேகத்தப் பாரு. அவன்கிட்ட கத்துக்க." நிற்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பேர் வேறு. "இன்னா, வளையல் போட்டுக்கிறியா?" என்று முருகேசண்ணன் கேட்பார். வளையல் போட்டிருந்த செல்வி அக்கா அதைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை.

இன்று இதைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள். பணியிடத்தில் பாதுகாப்பு உணர்வு வளர வேண்டும், பண்பாடாக மாற வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே ஒரு பண்பாடு இருந்தது. யாரைப் பார்த்துக் கைதட்டுகிறோம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் இருந்தது. சுவரில் "பாதுகாப்பே முதன்மை" என்ற ஸ்டிக்கரும் இருந்தது. அதற்கும் ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தார்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய நாள் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் குரல் எனக்கு எப்படிக் கேட்டது என்பது உனக்குத் தெரியாது. ஈர விரிப்பின் முனை உன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டபோது நீ கத்தவில்லை. என் பேரைச் சொன்னாய், ஏதோ சோப்பு எடுத்துக் கொடு என்பதுபோல. நான் ஓடி வந்தேன். மோட்டாரை நீ ஏற்கெனவே அணைத்திருந்தாய். டிரம் உன்னைத் தோள்வரை உள்ளே இழுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. மூடி திறந்ததும் பிடித்திருக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. மூடி திறந்ததே அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. மூடித்தான் இருக்கிறது, மூடித்தான் இருக்கிறது என்று உன் காந்தம் அதற்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பொட்டோடு.

ஆஸ்பத்திரி போவதற்குள் நீ போய்விட்டாய்.

கபரஸ்தானில் ஓனர் அழுதார். நடிப்பு என்று சொல்ல எனக்கு ஆசை. நடிப்பு இல்லை. உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ள மாதிரி" என்று தேம்பினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னை எரிக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அழுத அதே மனிதர், அந்த வாரமே கூடத்தின் வாசலில் ஒரு பிளெக்ஸ் கட்டினார். உன் போட்டோ, கல்யாண வீட்டில் எடுத்தது, கூலிங் கிளாஸோடு. கீழே பெரிய எழுத்தில்: "கவனக்குறைவு உயிரைப் பறிக்கும். கவனமாகப் பணிபுரிவீர்."

உன் தங்கை கல்லூரிக்குப் போகிற வழி அது. ஒருநாள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். பிளெக்ஸைப் பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணா, எங்கண்ணன் கவனமா இல்லியா?"

தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்மி கேக்கறாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களாம். அவன் விளையாட்டுப் புள்ள, அதான் கைய உட்டுட்டான்னு. அப்படியா?"

"இல்ல" என்றேன். அவள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதைக் காட்டுவாள்?

உள்ளே போனேன். ஹைட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. உன் இடத்தில் முருகேசண்ணன். விளிம்பில் காந்தம். அதே காந்தம். உன்னை வெளியே எடுத்தபோது தெறித்து விழுந்ததைத் தேடி எடுத்து, கழுவி, புதிதாகச் சந்தனம் வைத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, இத்த யாரு வச்சது?"

"நான்தான். அது இல்லாம ஓடாதுல்ல."

"அதாலதானே அவன் செத்தான்?"

முருகேசண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய அலம்புடா. சாமி கும்புட்டு வச்ச பொருளு. அவன் நேரம், போய்ட்டான். எனக்கெல்லாம் ஒண்ணியும் ஆவாது, நான் பாத்துதான் கைய வப்பேன்" என்றார். சொல்லிக்கொண்டே, டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கையில், மூடியைத் தூக்கினார்.

 அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். நல்ல மனிதர். உனக்குக் கபரஸ்தானில் மண் போட்டவர். அடுத்த பிளெக்ஸில் அவர் போட்டோதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எந்த போட்டோவை எடுப்பார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஓனரிடம் போனேன். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள் என்றேன். "வைகாசிப் பௌர்ணமி முடியட்டும்டா" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குச் செலவோ நேரமோ பிரச்சினை இல்லை. மெக்கானிக் வந்து அந்த சென்சாரை மாற்றினால், மாற்ற வேண்டிய ஒன்று இருந்தது என்று ஆகிவிடும். அப்போது வாசலில் இருக்கும் பிளெக்ஸ் பொய்யாகிவிடும். காந்தம் அங்கே இருக்கிறவரைதான் நீ கவனக்குறைவால் செத்தவன். உன் சாவுக்குச் சொன்ன காரணத்தைக் காப்பாற்றுவதற்காக முருகேசண்ணனின் கையைப் பணயம் வைத்திருந்தார்கள்.

வைகாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் எல்லோரும் இருக்கும்போது, காந்தத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். திட்டமெல்லாம் இல்லை. முருகேசண்ணன் மூடியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார், பிடுங்கிவிட்டேன். ஹைட்ரோ கிரீச்சென்று நின்றது. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அத்தனை மாதமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

 ஓனர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"எவன்டா நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"குடுடா அத்த."

"மெக்கானிக் வரட்டும் சார்."

"இன்னாடா, பெரிய இன்ஸ்பெக்டரா நீ? நாளான்னிக்குப் பௌர்ணமி. எத்தினி லாட்ஜு நிக்கிது தெரியுமா? பாய் போனதுலேருந்து உனக்கு மண்ட கொழம்பிப் போச்சு. குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"போறேன் சார். இத்த எடுத்துட்டுத்தான் போவேன்."

முருகேசண்ணன், "டேய், சாமி பொருள்டா அது, விளையாடாத" என்றார். குரலில் உண்மையான பயம் இருந்தது. சுற்றுகிற டிரம்முக்குள் கைவிடும்போது வராத பயம்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். மறுபடியும் எங்காவது ஒரு ஸ்பீக்கர் உடைந்திருக்கும். அது நடக்காமல் செய்தவர் செல்வி அக்கா. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். கீழே உட்கார்ந்தார்.

"இன்னா செல்வி, உனக்கு இன்னா?" என்றார் ஓனர்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். அந்தப் புள்ள கைய விரிப்புலேருந்து பிரிச்சு எடுத்தது நானு. அந்த விரிப்பத் தொவச்சு, தேய்ச்சு, மடிச்சு, லாட்ஜுக்கு அனுப்பிச்சதும் நானு. நீங்க அனுப்பச் சொன்னீங்க. இன்னொருவாட்டி என்னால முடியாது சார். முருகேசண்ணன் கையெல்லாம் நான் பிரிக்க மாட்டேன்."

 முருகேசண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை இடுப்புத் துண்டில் துடைத்தார், அழுக்கு ஏதோ ஒட்டியிருப்பதுபோல. மெல்லப் போய் செல்வி அக்காவுக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். வீரம் எல்லாம் இல்லை. ஹைட்ரோ நின்றால் மற்ற எதுவும் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தார்கள்.

ஓனர் வேலூருக்குப் போன் போட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் மெக்கானிக் வந்தார். வயதானவர், கையில் ஒரு பழைய ரெக்சின் பை. பழைய சென்சாரைக் கழற்றினார், புதியதை மாட்டினார், மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். நாங்கள் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கை துடைத்துக்கொண்டே ஓனரிடம் கேட்டார்:

"இதுக்கா சார் என்ன வரச் சொன்னீங்க? சின்ன சாமான் சார் இது. போன்ல சொல்லியிருந்தா வேலூர் பஸ்ஸுல டிரைவர் கைல குடுத்து அனுப்பியிருப்பேனே. உங்க ஆளுங்களே மாட்டியிருப்பாங்க."

அவருக்கு எதுவும் தெரியாது. வாசலில் இருந்த போட்டோ யாருடையது என்று தெரியாது. காசு வாங்கிக்கொண்டு, பஸ் போய்விடப் போகிறது என்று அவசரமாக நடந்துவிட்டார். 

பஸ்ஸில் வந்திருக்கும்டா. மல்லிகைப் பூக் கட்டோடு, யாரோ ஒருத்தரின் மருந்துப் பையோடு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சின்னப் பொட்டலமாக. நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்து நீயே மாட்டியிருப்பாய். உனக்கு இருந்த கைத்திறனுக்கு அது ஒரு வேலையா? அந்தத் திறனைக் கெட்டுப்போன ஸ்பீக்கரில் செலவழித்தாய். நாங்கள் கைதட்டினோம். நீ போய்ச் சேர்ந்தாய். இதை விதி என்று ஒருவன் என் எதிரில் சொன்னால் அவனை அறைந்துவிடுவேன்.

அடுத்த நாள் காலையில் பிளெக்ஸ் இல்லை. யார் அவிழ்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஓனர் என்னிடம் எதுவும் பேசவில்லை. இன்றுவரை வேலை விஷயம் தவிரப் பேசுவதில்லை. மன்னிப்பு வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. வாசல் கம்பியில் கயிற்றின் இரண்டு நுனி மட்டும் இன்னும் தொங்குகிறது. உன் தங்கை அன்று அந்த வழியாகப் போனபோது நின்று பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவள் அம்மாவிடம் காட்ட இப்போது ஒன்று இருக்கிறது. இல்லாத ஒரு பிளெக்ஸ்.

இப்போது ஹைட்ரோ பக்கம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. செல்வி அக்கா ஆரம்பித்தது. மோட்டாரை அணைத்ததும் முருகேசண்ணன், "நின்னுச்சா?" என்று கத்துவார். அவர் கண்ணை அவர் நம்பக் கூடாது, பக்கத்தில் இருக்கிற வேறு யாராவது டிரம்மைப் பார்த்து, "நின்னுச்சு!" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. முதலில் கேலியாகத்தான் கத்தினார்கள். "நின்னுச்சா மாமா?" "நின்னுச்சு மாமோய்!" என்று ராகம் போட்டார்கள். கேலி செய்துகொண்டே பழகிவிட்டது. ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் கேட்காமல் மூடியில் கை வைத்தார். முருகேசண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நின்ன மாதிரி கீதுண்ணே" என்றார் அவர். "நின்ன மாதிரின்னு ஒண்ணு கிடையாதுடா" என்றார் முருகேசண்ணன். எனக்குச் சட்டென்று உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உலர்த்தும் இயந்திரத்தின் கதவு சரியாக மூடவில்லை, ஓனரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பாக்கலாம்" என்கிறார். ஆயுத பூஜை மறுபடியும் வரும். லாட்ஜ்காரர்கள் மறுபடியும் போன் செய்வார்கள். உன்னைப் போல ஒரு கெட்டிக்காரன் மறுபடியும் வேலைக்கு வருவான்.

அதனால்தான் காந்தத்தை நான் தூக்கிப் போடவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். கூடத்தில் ஒரு மூலையில் வைத்தால், ஏதோ ஒரு பௌர்ணமி அவசரத்தில் ஒரு கை அதைத் தேடும். அந்தக் கை என்னுடையதாக இருக்காது என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. கைதட்டுகிற இடத்தில் எந்தக் கையும் நம்பத் தகுந்ததில்லை என்று உன்னிடமிருந்து தெரிந்துகொண்டேன். அதனால் சாவியோடு வைத்துச் சுமக்கிறேன். வண்டியை எடுக்கும்போதெல்லாம் இதைப் பிய்த்து எடுத்த பிறகுதான் சாவி கைக்கு வருகிறது.

இன்று டீக்கடையிலிருந்து நேராக வேலைக்கு வந்தேன். முருகேசண்ணன் மோட்டாரை அணைத்துவிட்டு, "நின்னுச்சா?" என்று கத்தினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். டிரம் மெல்ல, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நின்ன மாதிரிதான் இருந்தது.

"இல்ல" என்று கத்தினேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.